முதல் நாள் அறிக்கையில் எதிர்ப்பு இல்லை, ஏழாவது வாரம் எதிர்ப்பு உள்ளது: காசநோய்ப் பரிசோதனைகள் ஏன் மாறுபடுகின்றன?

கேள்வி சுருக்கமாக இது. தம்பிக்கு நுரையீரல் காசநோய். முதல் நாள் சளியில் செய்த ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையில் 'காசநோய்க் கிருமி உள்ளது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்று வந்தது. வழக்கமான நான்கு மருந்துகளை (ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால்) ஆரம்பித்தார்கள். ஏழு வாரம் கழித்து வந்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கை 'ஐசோனியசிட் எதிர்ப்பு உள்ளது' என்கிறது. எதை நம்புவது? சிறுநீர்த் தொற்றுக்கு மூன்று நாளில் வரும் முடிவு இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

காசநோய்க் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதே சமயம் அடுத்த மாதச் சந்திப்பு வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு இன்றோ நாளையோ மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு அறிக்கைகளும் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் நாள் செய்த ஜீன்எக்ஸ்பர்ட்டில் ஐசோனியசிட் பற்றிய கேள்வியே கிடையாது. வழக்கமாகப் பயன்படும் அந்தக் கார்ட்ரிட்ஜ் (சளியை விட்டுக் கருவிக்குள் செருகும் சிறு பெட்டி) இரண்டு விஷயங்களை மட்டும் பார்க்கும்: காசநோய்க் கிருமி இருக்கிறதா, இருந்தால் ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கான மரபணு மாற்றம் இருக்கிறதா. அறிக்கையில் ஒரு மருந்தின் பெயர் இல்லையென்றால், அந்த மருந்து வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பல குடும்பங்கள் 'எதிர்ப்பு இல்லை' என்ற வரியைப் படித்துவிட்டு எல்லா மருந்துக்கும் சேர்த்து நிம்மதி அடைந்துவிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அறிக்கையை எழுதும் நாங்கள்தான் இன்னும் தெளிவாக எழுத வேண்டும்.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றது எளிதில் புரியும். வேறு பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமி அப்படிச் செய்வதில்லை. அது பிரியும்போது தன் மரபணுவில் தற்செயலாக நேரும் பிழைதான் அதற்கு எதிர்ப்பைத் தருகிறது. ஐசோனியசிட்டைத் தாங்கும் கிருமி பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினைத் தாங்குவது பத்துக் கோடியில் ஒன்று என்பது பாடநூல்கள் தரும் தோராயக் கணக்கு. நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் ஒரு கோடி முதல் நூறு கோடி கிருமிகள் வரை இருக்கலாம். அப்படியானால் சிகிச்சை தொடங்கும் முன்பே, ஒரு மருந்தைத் தாங்கக்கூடிய சில கிருமிகள் அங்கே இருக்கின்றன. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாகும், இவை பெருகும். 1948-ல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் இதுதான் கண்ணெதிரே நடந்தது. 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்து. முதல் ஆறு மாதத்தில் அவர்களில் 4 பேர் இறந்தார்கள். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர். ஆனால் மருந்து பெற்றவர்களில் பலருடைய சளியில் சில வாரங்களிலேயே எதிர்ப்புள்ள கிருமிகள் தலைதூக்கின. ஆண்டுகள் போகப்போக இரு குழுக்களுக்கும் இருந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும், எந்த மருந்து வேலை செய்யும் என்று சோதித்துப் பார்ப்பதும் அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தவை.

சரி, தாமதத்துக்கு வருவோம். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகிறது. சிறுநீர்க் கிருமிக்குத் தட்டில் மருந்து தோய்த்த வட்டுகளை வைத்து, மறுநாள் அதைச் சுற்றி எவ்வளவு தூரம் வளரவில்லை என்று அளந்துவிடலாம். இங்கே அது நடக்காது. கிருமி கண்ணில் படும் அளவுக்கு வளர்வதற்குள் வட்டிலுள்ள மருந்து தட்டு முழுக்கப் பரவி முடித்திருக்கும்.

இன்னொரு சிக்கல், சளி சுத்தமான பொருள் அல்ல. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் எத்தனையோ கிருமிகள் அதில் வந்துவிடும். அப்படியே ஊடகத்தில், அதாவது கிருமி வளர நாம் தரும் உணவில், போட்டால் ஒரே நாளில் அவை எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் சளியில் சோடியம் ஹைட்ராக்சைடையும், சளியை நீர்க்கச் செய்யும் அசிட்டைல் சிஸ்டீனையும் கலந்து 15 முதல் 20 நிமிடம் வைக்கிறோம். மெழுகுபோன்ற சுவர் உள்ள காசநோய்க் கிருமி இந்தக் காரத்தை ஓரளவு தாங்கும், மற்றவை சாகும். ஓரளவுதான். நேரம் கூடினால் நாம் தேடும் கிருமியும் செத்துவிடும், குறைந்தால் மற்ற கிருமிகள் பிழைத்துக்கொண்டு குழாயைக் கெடுத்துவிடும். நன்றாக நடக்கும் ஆய்வகத்திலும் நூற்றில் சில குழாய்கள் கெடத்தான் செய்யும். ஒரு குழாயுமே கெடவில்லை என்று ஓர் ஆய்வகம் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். காரத்தை அளவுக்கு மீறிப் போடுகிறார்களோ என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் வளர்ப்பது. பழைய முறை லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகம். கோழி முட்டை, கிளிசரால், சில உப்புகள், மற்ற கிருமிகளை அடக்க மாலகைட் கிரீன் சாயம் எல்லாம் சேர்த்துச் சூட்டில் உறையவைத்த பச்சைச் சரிவு. மூன்று நான்கு வாரத்தில் அதன் மேல் வெளிர் மஞ்சள் நிறத்தில், காலிஃபிளவர் போலச் சொரசொரப்பான கூட்டங்கள் எழும்பும். எட்டு வாரம் வரை பார்த்த பிறகே 'வளரவில்லை' என்று எழுதுவோம். புதிய முறை எம்.ஜி.ஐ.டி. என்ற திரவ ஊடகக் குழாய். அதன் அடியில் ஆக்சிஜன் இருக்கும்வரை ஒளிராத ஒரு பொருள் பதிந்திருக்கும். கிருமி வளர்ந்து ஆக்சிஜனைத் தின்றுவிட்டால் அது ஒளிர ஆரம்பிக்கும். இயந்திரம் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயையும் பார்த்துக்கொண்டே இருக்கும். சளியில் கிருமி நிறைய இருந்தால் இரண்டு வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும், குறைவாக இருந்தால் ஆறு வாரம் வரை இழுக்கும்.

குழாய் ஒளிர்ந்துவிட்டது என்பதற்காக உடனே மருந்துச் சோதனைக்குப் போய்விட முடியாது. முதலில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறோம், கிருமிகள் கயிறு திரித்தது போல ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கின்றனவா என்று. வேறு கிருமி கலந்திருக்கிறதா என்று இரத்த ஊடகத்தில் ஒரு துளி. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா வகைகளும் இதே குழாயில் வளரும், அதனால் எம்.பி.டி.64 என்ற புரதத்தைக் காட்டும் பட்டைச் சோதனை ஒன்று. இவை சரியாக இருந்தால்தான் அடுத்த படி.

இந்த அடுத்த படியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் தவறான அறிக்கைகள் பலவும் பிறக்கும் இடம் இதுதான். பச்சைச் சரிவிலிருந்து கிருமியைச் சுரண்டி எடுத்தால் அது தண்ணீரில் கரையாது. மெழுகுக் கட்டியாக மிதக்கும். சிறு கண்ணாடி மணிகள் போட்ட குழாயில் விட்டு நன்றாகக் குலுக்கி உடைக்கிறோம். குலுக்கியதும் மூடியைத் திறக்கக் கூடாது, உள்ளே கிருமியோடு மிதக்கும் நுண்துளிகள் அடங்க வேண்டும். இதெல்லாம் காற்று உள்நோக்கி இழுக்கப்படும் பாதுகாப்புப் பெட்டிக்குள், என்-95 முகக்கவசத்தோடு. 20 நிமிடம் அசையாமல் வைத்தால் உடையாத கட்டிகள் அடியில் இறங்கும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி, இன்னும் 15 நிமிடம் வைத்து, மறுபடி மேல்பாகத்தை எடுத்து, அதன் கலங்கலை ஓர் அளவுகோல் குழாயோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறோம். இதில் அவசரப்பட்டு ஒரு சிறு கட்டி மருந்துக் குழாய்க்குள் போய்விட்டால், அதில் இருக்கும் ஆயிரக்கணக்கான கிருமிகள் மருந்தையும் மீறி வளர்ந்ததுபோல இயந்திரத்துக்குத் தெரியும். நன்றாகக் கட்டுப்படும் கிருமியை 'எதிர்ப்பு உள்ளது' என்று எழுதிவிடுவோம். ஒரு நோயாளி தேவையில்லாமல் கடுமையான மருந்துகளுக்கு மாற்றப்படுவார். அந்த 35 நிமிடத்தைக் குறைக்கச் சொல்லும் எந்த அவசரத்துக்கும் நான் இணங்குவதில்லை.

இனி மருந்துச் சோதனை. எந்த அளவு எதிர்ப்பு இருந்தால் 'எதிர்ப்பு' என்று சொல்வது? 1960-களில் பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் கனெட்டியும் உடன் இருந்தவர்களும் வகுத்த விகித முறை இன்றும் அடிப்படை. நோயாளியின் கிருமிகளில் 1 சதவீதமோ அதற்கு மேலோ மருந்தைத் தாங்கினால், அந்த மருந்து அவருக்குப் பலன் தராது என்று கொள்வது. பழைய முறையில் மருந்துள்ள சரிவிலும் மருந்தில்லாத சரிவிலும் கூட்டங்களை எண்ணி விகிதம் பார்ப்போம். 28-வது நாள் ஒரு பார்வை, தேவைப்பட்டால் 42-வது நாள் இன்னொன்று. எம்.ஜி.ஐ.டி.யில் அதையே வேறுவிதமாகச் செய்கிறார்கள். மருந்துக் குழாயில் போடுவதில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழாயில் விடுகிறோம். ஒப்பீட்டுக் குழாய் குறித்த அளவு வளர்ச்சியை எட்டும் நேரத்தில் மருந்துக் குழாயும் வளர்ந்திருந்தால், குறைந்தது நூற்றில் ஒன்றாவது மருந்தைத் தாங்குகிறது என்று ஆகிறது. இதற்கு 4 முதல் 13 நாள். எனக்கு இந்த ஏற்பாட்டின் எளிமை இன்றும் பிடிக்கும். யாரும் எதையும் எண்ண வேண்டியதில்லை.

குழாயில் எவ்வளவு மருந்து வைப்பது என்பதும் முக்கியம். எதிர்ப்பில்லாத சாதாரணக் கிருமிகள் எந்த அளவு வரை வளரும் என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே கோடு போடுகிறார்கள். இந்த எண் ஊடகத்தைப் பொறுத்தது. ரிஃபாம்பிசினுக்கு முட்டை ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம், திரவ ஊடகத்தில் வெறும் 0.5. ஊடகத்தை உறையவைக்கும் சூட்டில் மருந்து கொஞ்சம் சிதைவதும், முட்டைப் புரதத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வதும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். அந்த 0.5 கூட 2021-ல்தான் வந்தது. அதுவரை 1.0. லேசான எதிர்ப்புள்ள, மெதுவாக வளரும் சில வகைகள் 1.0-ல் 'கட்டுப்படுகிறது' என்று தப்பிவிட்டன, அந்த நோயாளிகளுக்கோ சிகிச்சை தோற்றது. அதனால் உலக சுகாதார நிறுவனம் கோட்டை இறக்கியது. ஒவ்வொரு முறையும் நோயாளியின் கிருமியோடு எச்37ஆர்வி என்ற, உலகமே பயன்படுத்தும் கட்டுப்படும் வகையையும் ஓட்டுகிறோம். அது ஏதாவது மருந்தில் வளர்ந்துவிட்டால் அந்த மருந்துக்கு அன்றைய முடிவு எதையும் வெளியே விடக்கூடாது.

மரபணுப் பரிசோதனைகள் கேட்கும் கேள்வியே வேறு. கிருமி மருந்தில் வளர்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. எதிர்ப்போடு தொடர்புடைய மாற்றம் குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் சுமார் 95 சதவீதம் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியில் ஏற்படும் மாற்றத்தால் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் அந்தப் பகுதியைப் படித்து இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்கிறது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று, அதற்கு முந்தைய காலத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். முடிவு வருவதற்குள் நோயாளி இறந்துபோன கோப்புகள் ஆய்வகங்களில் நிறைய இருந்தன.

ஐசோனியசிட்டுக்கு அப்படி ஒரே இடம் கிடையாது. இந்த மருந்து உள்ளே போனதும் கிருமியின் சொந்த நொதி ஒன்றால் செயலூட்டப்பட வேண்டும். அந்த நொதிக்கான கேட்-ஜி மரபணு மாறிவிட்டால் மருந்து செயல்பட ஆரம்பிப்பதே இல்லை. பெரும்பாலும் கடுமையான எதிர்ப்பு. இன்-எச்-ஏ என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியில் மாற்றம் என்றால் எதிர்ப்பு பொதுவாக லேசானது, ஆனால் எத்தியோனமைடு என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இந்த இரண்டையும் படிக்க லைன் புரோப் என்ற பட்டைச் சோதனை உண்டு, ஓரிரு நாளில் முடிவு வரும். ஐசோனியசிட்டோடு ஃபுளூரோகுயினலோன் வகை மருந்துகளையும் பார்க்கும் தனிக் கார்ட்ரிட்ஜும் 2021-லிருந்து பரிந்துரையில் இருக்கிறது. உங்கள் தம்பியின் முதல் சளியிலேயே இவற்றில் ஒன்றைச் செய்திருந்தால், ஏழு வாரத்துக்குப் பதில் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வாய்ப்புண்டு. ரிஃபாம்பிசினை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு முறைகளும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடங்களும் உண்டு. மரபணுவில் எழுத்து மாறியும் புரதம் மாறாமல் இருந்தால், கருவி 'எதிர்ப்பு' என்று சொல்லும், கிருமியோ மருந்தில் சாகும். சளியில் கிருமி மிகக் குறைவாக இருக்கும்போதும் தவறாக 'எதிர்ப்பு' என்று வருவதுண்டு, அப்போது புதிய சளியில் மறுபடி செய்வது நல்லது. எதிர்த்திசையிலும் நடக்கும். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் உள்ள எஸ்வாட்டினி நாட்டில் 2009-ல் நடந்த தேசிய ஆய்வின் கிருமிகளைப் பிறகு ஆராய்ந்தபோது, பன்மருந்து எதிர்ப்புள்ளவற்றில் (ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டையும் தாங்குபவற்றில்) ஏறத்தாழ 30 சதவீதத்தில் அந்த 81 எழுத்துக்கு வெளியே ஒரு மாற்றம் இருந்தது. ஜீன்எக்ஸ்பர்ட் அதைப் பார்க்காது. திரவ ஊடகச் சோதனையும் பெரும்பாலும் அதைத் தவறவிட்டது. எதிர்ப்புள்ளதும் இல்லாததும் கலந்திருக்கும் சளி இன்னொரு சிக்கல். கல்ச்சர் நூற்றில் ஒன்றைக் கண்டுபிடிக்கும், பெரும்பாலான மரபணுக் கருவிகளுக்கு எதிர்ப்புள்ள பங்கு அதைவிட நிறையவே இருந்தாக வேண்டும்.

எல்லா மருந்துக்கும் அறிக்கையை ஒரே அளவு நம்பவும் முடியாது. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், ஃபுளூரோகுயினலோன் முடிவுகள் உறுதியானவை. எத்தாம்புட்டாலில் கட்டுப்படும் கிருமிக்கும் எதிர்ப்புள்ள கிருமிக்கும் இடைவெளி மிகக் குறைவு, ஒரே கிருமி இந்த வாரம் ஒன்றும் அடுத்த வாரம் வேறொன்றும் சொல்லலாம். பைரசினமைடு அமிலச் சூழலில்தான் வேலை செய்யும், அந்தச் சூழலில் கிருமியே சரியாக வளராது. கொஞ்சம் அதிகமாகக் கிருமியைப் போட்டுவிட்டால் அமிலம் குறைந்து பொய்யான எதிர்ப்பு வரும். அதனால் பைரசினமைடுக்கு மட்டும் 'எதிர்ப்பு' என்று வந்தால் நான் மறுபடி செய்யாமல் கையெழுத்துப் போடுவதில்லை. 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுயிலின் இன்று பன்மருந்து எதிர்ப்பு நோய்க்கான சிகிச்சையின் முதுகெலும்பு. அதற்கு எதிர்ப்பு தரும் மாற்றங்கள் முக்கியமாக ஒரு மரபணுவின் நீளம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, ஒரு சிறு பகுதியைப் படித்தால் போதாது. முழு மரபணுத் தொடரையும் படிக்கும் முறைகள் வந்துவிட்டன, எந்த மாற்றத்துக்கு என்ன பொருள் என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் வெளியிட்டது. அப்படியும் பெடாகுயிலினுக்குப் பல மாற்றங்களின் பொருள் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே இந்த மருந்துக்கு வளர்த்துப் பார்ப்பதை விட்டுவிட முடியாது.

உங்கள் தம்பிக்கு வருவோம். ரிஃபாம்பிசின் வேலை செய்து ஐசோனியசிட் மட்டும் தோற்றால், அது பன்மருந்து எதிர்ப்பு நோய் அல்ல; இரண்டும் சேர்ந்து தோற்றால்தான் அந்தப் பெயர். ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால், பைரசினமைடு, லீவோஃப்ளாக்சசின் சேர்த்து ஆறு மாதம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த வழிகாட்டல். குணமாகக்கூடிய நோய்தான் இது. மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கல்ச்சரில் ரிஃபாம்பிசினுக்கு என்ன முடிவு வந்தது? அது 'கட்டுப்படுகிறது' என்றே வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிகிச்சை முழுவதுமே மாறும். ஃபுளூரோகுயினலோன் வகையைச் சேர்ந்த லீவோஃப்ளாக்சசினுக்குச் சோதனை செய்தார்களா? காசநோய் என்று தெரிவதற்கு முன் சாதாரண நிமோனியா என்று நினைத்து அந்த வகை மருந்தைக் கொடுத்திருந்தால் இது இன்னும் முக்கியம், அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்ப்பு எந்த மரபணுவில் என்று தெரியுமா?

இந்த ஏழு வாரத்தில் ஐசோனியசிட் உதவாததால் மற்ற மருந்துகள்தான் பாரத்தைச் சுமந்திருக்கும். அதனால் மருந்தை மாற்றுவதற்கு முன் புதிய சளி ஒன்றைக் கல்ச்சருக்கும் மருந்துச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும், வாயைக் கொப்புளித்துவிட்டு, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளி 3 முதல் 5 மில்லி வேண்டும். எச்சில் வேண்டாம், அதில் எங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. குணமாகிறதா என்று பார்க்க ஜீன்எக்ஸ்பர்ட்டைத் திரும்பச் செய்யச் சொல்லி யாராவது அனுப்பினால் தயங்காமல் கேளுங்கள். செத்த கிருமியின் மரபணுவும் அதில் பல மாதம் தெரியும். மருந்து வேலை செய்கிறதா என்பதை மாதாமாதம் எடுக்கும் சளியின் கல்ச்சர்தான் சொல்லும்.